ஆற்றில் வீசியது ரிப்பனை, வீரத்தை அல்ல!



போர்க்கால வீரப் பதக்கங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைத்து அரசாங்கத்திடம் பதக்கம் வாங்கிய ஒருவர், அடுத்த ஆண்டே "இந்தப் போர் தவறு, இதற்கு மேல் நான் போரிட மாட்டேன்" என்று எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை வீரர் என்று சொல்வீர்களா, கோழை என்று சொல்வீர்களா? அவருடைய பதக்கத்துக்கு இனி மதிப்பு உண்டா, இல்லையா?

இது கற்பனைக் கேள்வி அல்ல. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரி ஒருவரின் வாழ்க்கையில் நடந்ததுதான். அவர் பெயர் சீக்ஃபிரீட் சசூன். பெயரைக் கேட்டதும் ஜெர்மானியரோ என்று நினைக்க வேண்டாம். 1886ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் பிறந்தவர். தந்தை வழியில் பம்பாயின் புகழ்பெற்ற சசூன் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மும்பையில் இன்றும் 'சசூன் டாக்' என்று ஒரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறதே, அந்தக் குடும்பத்தின் பெயர்தான் அது. பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்து குடியேறிய டேவிட் சசூன், இவருடைய கொள்ளுத் தாத்தா.

சசூனின் கதைக்குப் போகும் முன், பதக்கங்களின் வகைகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். அது தெரிந்தால்தான் கதையின் சிக்கல் புரியும்.

பதக்கத்தில் இரண்டு வகை

பழைய இராணுவ வீரர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சில் வரிசையாகப் பதக்கங்கள் தொங்கும். அவை எல்லாமே வீரத்துக்குக் கொடுத்தவை அல்ல. பெரும்பாலானவை போர்ச் சேவைப் பதக்கங்கள். இந்தப் போரில் இந்தக் காலத்தில் நீ பணியாற்றினாய் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன் இப்படிப்பட்ட பதக்கங்களை இலட்சக்கணக்கில் வழங்கியது.

வீரப் பதக்கம் வேறு. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஓர் இடத்தில், ஒருவர் செய்த ஒரு செயலுக்காகக் கொடுப்பது அது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பிரிட்டிஷ் வீரப் பதக்கங்களில் தலைமை இடம் விக்டோரியா கிராஸுக்கு. 1856இல் விக்டோரியா மகாராணியார் ஏற்படுத்தியது. வெண்கலச் சிலுவை, பார்வைக்கு மிக எளிமையானது. அதிகாரி, சாதாரணச் சிப்பாய் என்ற பாகுபாடு இல்லாமல் தொடக்கத்திலிருந்தே எல்லாருக்கும் பொதுவான விருது அது. ஆனால், இந்திய இராணுவத்தின் இந்திய வீரர்களுக்கு அந்தக் கதவு 1911இல்தான் திறந்தது. 1914இல் பெல்ஜியத்தில் நடந்த போரில் குதாதாத் கான் என்ற சிப்பாய் அதைப் பெற்ற முதல் இந்திய வீரரானார். நம் மண்ணுக்கும் இதில் தொடர்பு உண்டு. 1942 ஜனவரியில் மலாயாப் போரின்போது குவாந்தானில் போரிட்ட ஆர்தர் கம்மிங், மூவார் வட்டாரத்தில் போரிட்ட ஆஸ்திரேலியரான சார்லஸ் ஆண்டர்சன் ஆகிய இருவரும் விக்டோரியா கிராஸ் பெற்றவர்கள்.

அதற்கு அடுத்து 1886இல் வந்தது டி.எஸ்.ஓ. எனப்படும் சிறப்புச் சேவை விருது. 1993 வரை இது அதிகாரிகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அதிலும் பெரும்பாலும் மேல்நிலை அதிகாரிகளுக்கு.

1914இல் போர் தொடங்கியதும் ஒரு சிக்கல் எழுந்தது. அகழிகளில் முன்னால் நின்று சிப்பாய்களை வழிநடத்தியவர்கள் இருபது வயது, இருபத்தைந்து வயது இளம் லெப்டினன்ட்கள். அவர்களுக்கு ஏற்ற விருது எதுவும் இல்லை. விக்டோரியா கிராஸ் மிக அரிது. டி.எஸ்.ஓ. பெரியவர்களுக்கு. எனவே 1914 டிசம்பர் 28இல் மிலிட்டரி கிராஸ் என்ற புதிய விருது பிறந்தது. வெள்ளியால் செய்த சிலுவை. வெள்ளை ரிப்பனின் நடுவில் ஊதாப் பட்டை. கேப்டன் பதவி வரையுள்ள அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் மட்டுமே அது வழங்கப்பட்டது.

அப்படியானால், அதே வீரத்தைக் காட்டிய சாதாரணச் சிப்பாய்க்கு? அவருக்காக 1916 மார்ச் மாதம் மிலிட்டரி மெடல் என்று தனியாக ஒன்றை உண்டாக்கினார்கள். அதாவது, ஒரே இரவில் ஒரே குண்டுமழையில் இருவர் சேர்ந்து ஒரு காயம்பட்டவரைத் தூக்கி வந்தாலும், அதிகாரிக்கு ஒரு பதக்கம், சிப்பாய்க்கு வேறொரு பதக்கம்! இந்தப் பாகுபாடு 1993 வரை நீடித்தது. அந்த ஆண்டுதான் பிரிட்டன் மிலிட்டரி மெடலை நிறுத்தி, மிலிட்டரி கிராஸை எல்லா நிலையினருக்கும் பொதுவாக்கியது.

அந்த ஒன்றரை மணி நேரம்

இனி சசூனின் கதைக்கு வருவோம். போருக்கு முன்பு அவர் வசதியான வாலிபர். குதிரைச் சவாரி, நரி வேட்டை, கிரிக்கெட், கவிதை. இவைதான் அவருடைய உலகம். போர் தொடங்கும் நேரத்தில் தாமாகவே படையில் சேர்ந்தார். 1915இல் ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் என்ற காலாட்படைப் பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

அந்த ஆண்டு நவம்பரில் அவருடைய தம்பி ஹாமோ, கலிப்போலிப் போரில் இறந்தார். 1916 மார்ச்சில் நெருங்கிய நண்பரான டேவிட் தாமஸ் என்ற இளம் அதிகாரியும் சுடப்பட்டு இறந்தார். சசூன் மனம் உடைந்து போனார். அந்தத் துயரம் கோபமாக மாறியது. இரவு நேரங்களில் கையெறி குண்டுகளுடன் எதிரியின் அகழியை நோக்கித் தவழ்ந்து போவார். 'பித்துப் பிடித்த ஜாக்' என்று சக வீரர்கள் அவருக்குப் பட்டப் பெயரே வைத்துவிட்டார்கள்.

1916 மே 25ஆம் தேதி இரவு. இடம், பிரான்சில் சோம் ஆற்றின் வடபுறம் உள்ள ஃபிரிக்கூர் கிராமத்தின் பக்கம். ஜெர்மானிய அகழிக்குள் புகுந்து தாக்குவதற்கு ஒரு சிறு குழு கிளம்பியது. சசூனுக்கும் போக ஆசை. ஆனால், திரும்பி வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் வேலைதான் அவருக்குக் கொடுக்கப்பட்டது. தாக்குதல் தோல்வி. முள்கம்பி வேலியைத் தாண்ட முடியவில்லை. எதிரிகள் விழித்துக்கொண்டார்கள். துப்பாக்கிச் சூடும் கையெறி குண்டுகளும் பொழிந்தன. காயம்பட்டவர்கள் தவழ்ந்து தவழ்ந்து திரும்பினார்கள். எண்ணிப் பார்த்தால், ஆள் குறைகிறது.

சசூன் அகழியை விட்டு வெளியே இறங்கினார். காயம்பட்டுக் கிடந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடினார். ஓ'பிரையன் என்ற கார்ப்பரல், கண்ணிவெடி கிளப்பிய ஆழமான பள்ளத்தின் அடியில் குற்றுயிராகக் கிடந்தார். தனியாகத் தூக்க முடியாது. சசூன் மீண்டும் அகழிக்கு ஓடி, கயிறும் துணைக்கு ஆளும் கொண்டுவந்து அவரை மேலே இழுத்தார். இவ்வளவு பாடுபட்டும் ஓ'பிரையனைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்தச் செயலுக்காகத்தான் சசூனுக்கு மிலிட்டரி கிராஸ் கிடைத்தது. 1916 ஜூலை 27இல் வெளியான பாராட்டுக் குறிப்பு மிகச் சுருக்கமானது. ஒன்றரை மணி நேரம் துப்பாக்கிச் சூட்டுக்கும் குண்டுவீச்சுக்கும் இடையே நின்று காயம்பட்டவர்களைச் சேகரித்தார். இவருடைய துணிவால் மாண்டவர், காயம்பட்டவர் அனைவரும் கொண்டுவரப்பட்டனர் என்று அது கூறுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? பழிவாங்கும் வெறியோடு அலைந்த ஓர் இளைஞருக்கு, யாரையும் கொன்றதற்காகப் பதக்கம் கிடைக்கவில்லை. தன் ஆட்களைக் காப்பாற்றப் போனதற்காகவே கிடைத்தது.

பார்த்தவர் வேண்டும், எழுதுபவர் வேண்டும்

அதே ஜூலை மாதம், மாமெட்ஸ் காட்டுப் பகுதியில் அவர் இன்னொரு காரியம் செய்தார். பட்டப்பகலில் கையெறி குண்டுகளுடன் ஒரு ஜெர்மானிய அகழிக்குள் தனியாகப் புகுந்து, அங்கிருந்தவர்களை ஓட வைத்தார். ஆனால், பிடித்த இடத்தைத் தக்கவைக்கப் பின்னால் ஆள் வரவில்லை. அவரும் தகவல் அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். கட்டளை அதிகாரிக்குக் கடும் கோபம். இன்னும் கொஞ்சம் புத்தியோடு நடந்திருந்தால் டி.எஸ்.ஓ. வாங்கித் தந்திருப்பேன் என்று அவர் சொன்னதாக, சசூனின் நண்பரும் அதே படைப்பிரிவின் அதிகாரியுமான ராபர்ட் கிரேவ்ஸ் பின்னாளில் எழுதினார். அந்தச் செயலுக்குப் பதக்கம் எதுவும் இல்லை.

இது நமக்கு ஒன்றைச் சொல்கிறது. வீரம் மட்டும் இருந்தால் பதக்கம் வராது. அதைப் பார்த்தவர் ஒருவர் இருக்க வேண்டும். பார்த்தவர் உயிரோடு திரும்ப வேண்டும். மேலதிகாரி பரிந்துரை எழுத வேண்டும். அது படிப்படியாக மேலே போய் ஒப்புதல் பெற வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வீரம் மண்ணோடு போய்விடும். பதக்கம் இல்லாதவர் எல்லாம் வீரம் இல்லாதவர் என்று நினைப்பது அதனால்தான் பெரிய தவறு.

ஒரு கடிதமும் ஒரு ரிப்பனும்

1917 ஏப்ரலில் சசூன் தோளில் குண்டடி பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஓய்வில் இருக்கும்போதுதான் அவர் மனத்தில் பெரிய போராட்டம் எழுந்தது. முன்னணியில் இளைஞர்கள் செத்து விழுகிறார்கள். உள்நாட்டில் இருப்பவர்களோ எதுவும் நடக்காதது போல் இருக்கிறார்கள். எதற்காக இந்தப் போர் நீள்கிறது என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல் முதலியோரைச் சந்தித்துப் பேசிய பிறகு, சசூன் ஓர் அறிக்கை எழுதினார். தற்காப்புக்காகவும் விடுதலைக்காகவும் தொடங்கிய போர், இப்போது ஆக்கிரமிப்புப் போராக மாறிவிட்டது. முடித்து வைக்கும் அதிகாரம் உள்ளவர்களே வேண்டுமென்று நீட்டிக்கிறார்கள். சிப்பாய்களின் சார்பில் இதை எதிர்க்கிறேன் என்பதே அதன் சாரம். போரை நடத்தும் முறையை அவர் குறைகூறவில்லை. அரசியல் தலைவர்களின் நேர்மையைத்தான் கேள்வி கேட்டார். விடுப்பு முடிந்தும் பணிக்குத் திரும்பாமல், அந்த அறிக்கையைத் தம் கட்டளை அதிகாரிக்கே அனுப்பி வைத்தார்.

பிறகு லிவர்ப்பூல் பக்கம், மெர்சி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் போனார். சட்டையில் குத்தியிருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைப் பிய்த்து நீரில் வீசினார். வெறும் துணிதானே! அது மூழ்கக்கூட இல்லை. மிதந்து போயிற்று என்று அவரே பின்னர் எழுதினார்.

அரசாங்கத்துக்குத் தர்மசங்கடம்

இப்போது அரசாங்கத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். கட்டளையை மீறினால் இராணுவ நீதிமன்றம். அது கடுமையானது. அந்தப் போரில் பணியை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் 306 பேருக்கு, பிரிட்டிஷ் அரசு 2006ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் பெரும்பாலோர் சாதாரணச் சிப்பாய்கள். பலர் மனம் பேதலித்துப் போனவர்கள்.

ஆனால் சசூன் விஷயத்தில் அது எளிதாக இல்லை. அவர் அதிகாரி, படித்தவர், பெரிய மனிதர்களின் நட்பு உள்ளவர். எல்லாவற்றுக்கும் மேலாக, மிலிட்டரி கிராஸ் பெற்றவர். உயிருக்குப் பயந்து பேசுகிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. அவரைக் கூண்டில் நிறுத்தினால் நாடே அவர் பேச்சைக் கேட்கும். அதைத்தான் அவரும் விரும்பினார்.

நண்பர் கிரேவ்ஸ் இடையில் புகுந்தார். சசூனைச் சிறையிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில், உன்னை நீதிமன்றத்தில் நிறுத்த மாட்டார்கள், மனநோய் விடுதியில்தான் அடைப்பார்கள் என்று சொல்லி, மருத்துவக் குழுவின் முன் போக வைத்தார். அது உண்மையல்ல, நண்பனுக்காகச் சொன்ன பொய். மருத்துவக் குழு, இவருக்கு நரம்புத் தளர்ச்சி என்று முடிவு கட்டியது. 1917 ஜூலை 30இல் மக்களவை உறுப்பினர் ஒருவர் சசூனின் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வாசித்தார். அரசுத் தரப்பின் பதிலோ, அவர் உடல்நலம் குன்றியவர் என்பதாகவே இருந்தது.

கவனியுங்கள் நேயர்களே. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கேட்டவருக்கு நோய் என்று சொல்லிவிட்டார்கள். பதக்கம் பெற்றவரைக் கோழை என்று சொல்ல முடியவில்லை. அதனால் நோயாளி என்றார்கள்.

நீலகிரி அறிந்த மருத்துவர்

எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் என்ற இராணுவ மருத்துவமனைக்கு அவர் அனுப்பப்பட்டார். போர் அதிர்ச்சியால் மனம் பாதிக்கப்பட்ட அதிகாரிகளுக்கான இடம் அது. அங்கே அவரைக் கவனித்தவர் டாக்டர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். இந்தப் பெயரைத் தமிழர்கள் அறிந்திருப்பது நல்லது. மருத்துவராக மட்டுமன்றி மானிடவியல் அறிஞராகவும் விளங்கியவர். நீலகிரி மலைக்கு வந்து தோடர் பழங்குடியினரிடையே ஆய்வு செய்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டவர் இவரே.

ரிவர்ஸ் மிரட்டவில்லை, பேசினார், கேட்டார். சசூனுக்குப் பைத்தியம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால், போருக்குத் திருப்பி அனுப்புவது இராணுவ மருத்துவரான அவருடைய கடமை. அந்த மருத்துவமனையில்தான் வில்ஃபிரட் ஓவன் என்ற இளம் அதிகாரி சசூனைச் சந்தித்துக் கவிதை எழுதுவதில் ஊக்கம் பெற்றார். இருவரும் பின்னாளில் போர்க் கவிஞர்களாகப் புகழ்பெற்றார்கள்.

சசூனை உறுத்தியது ஒன்றுதான். தாம் வழிநடத்திய சிப்பாய்கள் அங்கே அகழியில் கிடக்கிறார்கள்; தாம் இங்கே பத்திரமாக இருக்கிறோம். கருத்தை மாற்றிக்கொள்ளாமலேயே, 1917 நவம்பரில் பணிக்குத் திரும்பச் சம்மதித்தார். பாலஸ்தீனத்துக்கும் பிறகு மீண்டும் பிரான்சுக்கும் போனார். 1918 ஜூலை 13இல் ரோந்து முடிந்து திரும்பும்போது, எதிரி என்று தவறாக நினைத்துத் தம் தரப்பினரே சுட்டதில் தலையில் காயம் பட்டது. உயிர் பிழைத்தார். அவருடைய போர் அத்துடன் முடிந்தது.

ஓவனும் போர்முனைக்குத் திரும்பினார். 1918 அக்டோபர் தொடக்கத்தில் காட்டிய வீரத்துக்காக அவருக்கும் மிலிட்டரி கிராஸ் அளிக்கப்பட்டது. ஆனால் போர் முடிய ஒரு வாரமே இருந்தபோது, நவம்பர் 4ஆம் தேதி அவர் கொல்லப்பட்டார். பதக்க அறிவிப்பு அரசிதழில் வந்தது 1919இல்தான்.

பதக்கம் எங்கே போனது?

சசூன் பதக்கத்தையே ஆற்றில் எறிந்துவிட்டார் என்று பல ஆண்டுகள் பேசிக்கொண்டார்கள். அவர் 1967இல் காலமானார். அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 2007இல், ஸ்காட்லாந்தின் மல் தீவில் அவருடைய குடும்பத்தினர் வீட்டில் அந்த வெள்ளிச் சிலுவை பத்திரமாக இருந்தது தெரியவந்தது. அன்றாடச் சீருடையில் அதிகாரிகள் குத்திக்கொள்வது ரிப்பனை மட்டும்தான்; பதக்கத்தை விழா நாட்களில் மட்டுமே அணிவார்கள். ஆற்றில் போனது அந்த ரிப்பன். பதக்கத்தை வேல்ஸின் கார்னார்வன் கோட்டையில் உள்ள அவருடைய படைப்பிரிவு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

இதைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ரிப்பனை எறிந்ததால் அந்த மே மாத இரவு இல்லாமல் போய்விடவில்லை. அறிக்கை எழுதியதால் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தது பொய்யாகிவிடவில்லை.

விக்டோரியா கிராஸ் வரலாற்றிலும் இதே கேள்வி எழுந்தது. 1861 முதல் 1908 வரை, பின்னாளில் குற்றம் செய்ததற்காக எட்டுப் பேரின் விக்டோரியா கிராஸ் பறிக்கப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இதை ஏற்கவில்லை. கொலைக் குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறினாலும், அந்தப் பதக்கத்தை அணிந்தபடியே ஏற அவருக்கு உரிமை வேண்டும் என்பது மன்னரின் கருத்து என்று, அவருடைய செயலாளர் 1920இல் எழுதினார். 1908க்குப் பிறகு யாருடைய விக்டோரியா கிராஸும் பறிக்கப்படவில்லை.

நான் முதலில் சொன்னதை நினைவுபடுத்துங்கள். வீரப் பதக்கம் என்பது ஒரு நாள் செய்த ஒரு செயலுக்கான சாட்சி. வாழ்நாள் முழுதும் வாய்மூடி இருப்பதற்கான ஒப்பந்தம் அல்ல. அரசாங்கம் சொல்வதை எல்லாம் ஆமோதிப்பதற்கான கூலியும் அல்ல.

சிலர் கேட்கலாம், போர் தவறு என்று எழுதியவர் மீண்டும் போருக்குப் போனது முரண்பாடு இல்லையா என்று. முரண்பாடுதான். மறுப்பதற்கில்லை. அவருடைய எதிர்ப்பு போரை ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் மூன்று இடத்திலும் அவரை நகர்த்தியது ஒன்றுதான். வெடிப்பள்ளத்தில் இறங்கியது தம் ஆட்களுக்காக. அறிக்கை எழுதியது தம் ஆட்களுக்காக. திரும்பிப் போனதும் தம் ஆட்களுக்காக. முதலாவதற்கு அரசாங்கம் வெள்ளிச் சிலுவை கொடுத்தது. இரண்டாவதற்கு நோயாளி என்ற பெயர் கொடுத்தது. மூன்றாவதற்கு எதுவும் கொடுக்கவில்லை.

இம்மூன்றில் எதற்கு அதிகத் துணிவு வேண்டும் என்று என்னைக் கேட்டால், இரண்டாவதற்குத்தான் என்பேன். குண்டு மழையில் பக்கத்தில் தோழர்கள் இருப்பார்கள். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டபோது அவர் தனியாக இருந்தார். நீங்கள் வேறு விதமாகச் சொல்லலாம். அதற்கும் நியாயம் இருக்கும்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய பதக்கம் ஒன்று இருந்தால், அதன் விலையை விசாரிக்காதீர்கள். எந்த நாள், எந்த இடம், யாருக்காக என்று கேட்டு எழுதி வையுங்கள். பதக்கம் பெட்டியில் கிடக்கும். சொல்லக்கூடியவர்கள் நெடுநாள் இருக்க மாட்டார்கள்.